இன்ஷூரன்ஸ்காரரின் பியானோ

பகலில் இன்ஷூரன்ஸ், ராத்திரியில் சங்கீதம். சார்லஸ் ஐவ்ஸ் என்ற அமெரிக்கர் பல வருஷம் இப்படித்தான் வாழ்ந்தார். நியூயார்க்கில் ‘ஐவ்ஸ் அண்ட் மைரிக்’ ஏஜென்சியின் பார்ட்னர். வயிற்றுப்பாட்டுக்கு இசையை நம்பவில்லை. அதனால் யாருடைய காதுக்காகவும் தன் ஸ்வரங்களை மாற்றவில்லை.

அந்தத் தைரியத்தில் பிறந்தது ‘கான்கார்ட் சொனாட்டா’. 1920-ல் சொந்தக் காசில் அச்சடித்து இலவசமாக அனுப்பினார். 1939-ல் ஜான் கிர்க்பாட்ரிக் நியூயார்க் டவுன் ஹாலில் முழுசாக வாசித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

கான்கார்ட், மாசசூசெட்ஸில் ஒரு சின்ன ஊர். எமர்சன், ஹாதோர்ன், ஆல்காட் குடும்பம், தோரோ எல்லாரும் அங்கே வாழ்ந்தவர்கள். கடவுளை இயற்கையிலும் தன் மனசிலும் தேடச் சொன்ன எமர்சன்தான் அந்த வட்டத்தின் நடுநாயகம். ஆளுக்கு ஒரு பாகமாக நாலு பாகம், ஏறக்குறைய முக்கால் மணி நேரம். நாலிலும் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் வரும் அந்த ‘ட-ட-ட-டாம்’ எட்டிப் பார்க்கும்.

பிரெஞ்சுப் பியானோக்காரர் பியர்-லோரான் எமார் வாசித்து 2004-ல் வெளிவந்த சி.டி-யைக் கேளுங்கள். எமர்சன் பாகத்தில் ஒரே நேரத்தில் நாலு பேர் பேசுகிற மாதிரி இருக்கும். எமார் அதில் ஒவ்வொரு குரலையும் தனியாகக் கேட்க வைக்கிறார். ஹாதோர்ன் பாகத்தில் 14¾ அங்குல மரக்கட்டையால் கட்டைகளை மொத்தமாக அழுத்த வேண்டும். சத்தமாக இருக்குமோ என்று பயப்படாதீர்கள், பனிமூட்டம் மாதிரி மெதுவாகப் படர்கிறது. கடைசியில் தோரோவுக்காக ஒரு புல்லாங்குழல் வருகிறது. அபாரம்!

ஒரே ஒரு குறை. ஆல்காட் வீட்டுப் பியானோ பழசு, எளிமையானது. எமாரிடம் அது பளபளவென்று புதுசாகிவிடுகிறது. ஐவ்ஸே 1943-ல் அந்தப் பாகத்தை வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். அதில் கரடுமுரடு உண்டு, வீட்டு வாசனையும் உண்டு. இந்த சொனாட்டாவை முடிந்துபோன வேலையாக அவர் நினைத்ததே இல்லை, திருத்திக்கொண்டே இருந்தார். எமாரின் சுத்தத்தில் அந்தத் தவிப்பு கொஞ்சம் குறைகிறது.

இருந்தாலும் முதல் தடவை கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி கிடைப்பது கஷ்டம். மூன்றாம் பாகத்தில் ஆரம்பியுங்கள். ஐந்தாறு நிமிஷம்தான், மெலடி உடனே பிடிபடும். அப்புறம் எமர்சனுக்குப் போங்கள். முதல் தடவை புரியாது. பரவாயில்லை, இரண்டாம் தடவையும் கேளுங்கள்.