‘நான்’ இல்லாத வாசிப்பு

தமிழில் இலக்கியத் திறனாய்வு எங்கே தொடங்கியது என்று கேட்டால் பெரும்பாலோர் வ.வே.சு. ஐயரைக் காட்டுவார்கள். திருச்சி வரகனேரியில் 1881-இல் பிறந்தவர். கம்பனை ஹோமரோடும் மில்டனோடும் நிறுத்தி எடைபோட்டவர். அந்தப் பதிலில் பிழையில்லை. ஆனால் வரகனேரியிலிருந்து காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் போனால், ஐயருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஒரு கவிதையைச் சொல்சொல்லாகப் பிரித்துவைத்து, ‘இந்தச் சொல் இந்த இடத்தில் ஏன் வந்தது?’ என்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு கூட்டம் இருந்தது. பராசர பட்டர், நஞ்சீயர், நம்பிள்ளை, பெரியவாச்சான் பிள்ளை, வடக்குத் திருவீதிப் பிள்ளை, பிற்பாடு மணவாள மாமுனிகள். பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து பதினைந்தாம் நூற்றாண்டு வரை இவர்கள் ஆழ்வார் பாசுரங்களுக்குச் சொன்ன வியாக்கியானங்களை நாம் சமய நூல்கள் என்று ஒதுக்கிவிட்டோம். அவற்றைத் திறனாய்வாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் எண்ணம். அப்படிப் படித்தால் பெருமைகளோடு குறைகளையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சான்றுக்குத் திருவெள்ளறையை எடுத்துக்கொள்கிறேன். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, துறையூர் போகும் சாலையில் இருக்கிறது. நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் ஒன்று. தந்திவர்மப் பல்லவன் காலத்தில் கம்பன் அரையன் வெட்டுவித்த ஸ்வஸ்திக வடிவக் கிணற்றைப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. இந்த ஊர்ப் பெருமாள் புண்டரீகாக்ஷனைப் பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் ஆளுக்கொரு பதிகம் பாடியிருக்கிறார்கள். நாதமுனிகளின் மாணவர் உய்யக்கொண்டார் பிறந்த ஊரும் இதுதான். திருப்பாவைக்கு அவர் எழுதிய தமிழ்த் தனியன்கள் இன்றும் மார்கழி விடியலில் பாசுரங்களுக்கு முன்னே ஒலிக்கின்றன. ஒரு நூல் எதைப் பற்றியது, யார் பாடியது, ஏன் படிக்க வேண்டும் என்று சில வரிகளில் சொல்லிவிடுகிற தனியன், என் பார்வையில், கவிஞனே திறனாய்வாளனாக நின்று பேசும் வடிவம்.

பெரியாழ்வாரின் திருவெள்ளறைப் பதிகம் அந்திப் பொழுதில் நடக்கிறது. தாய் பிள்ளையைக் காப்பிட அழைக்கிறாள். கன்றுகள் வீட்டுக்குள் போய்விட்டன, பசுக்கள் கதறுகின்றன, இவளோ பாலைக் கறக்கப் போகாமல் இவனைக் கூவிக்கொண்டு நிற்கிறாள். பெண்பிள்ளைகள் கட்டிய மணல்வீட்டையும் சிறுசோற்றையும் கலைத்திருக்கிறான். கண்ணில் மணலைத் தூவினான் என்று ஊர்ப் பிள்ளைகள் முறையிட வந்திருக்கிறார்கள். இந்த ஊரில் குறும்பு செய்யும் பிள்ளைகள் ஆயிரம் பேர் இருந்தாலும் பழி எல்லாம் உன் தலையில்தான் விழும், வா என்கிறாள். எந்தத் தெருவிலும் இன்றும் காதில் விழக்கூடிய பேச்சு. பெரியாழ்வாரின் துணிச்சல் அடுத்த அடியில் தெரிகிறது: ஆயர்பாடியில் திரியும் இந்தப் பிள்ளையை அவர் ‘வெள்ளறையில் நிற்பவனே’ என்று விளிக்கிறார். ஓடி விளையாடுகிறவனும் கருவறையில் அசையாமல் நிற்கிறவனும் ஒரே மூச்சில் வருகிறார்கள்.

சாதாரண உரையாசிரியன் இதை ‘இடப்பெயர்’ என்று சொல்லிக் கடந்துவிடுவான். வைணவ உரைமரபு இங்கேதான் நிற்கிறது. முன்பு ஆயர்பாடியில் இருந்தவன், அந்தக் காலத்தைத் தவறவிட்டுப் பின்னால் பிறந்தவர்களுக்காகக் கோயிலில் வந்து நிற்கிறான் என்பது இவர்களுடைய அர்ச்சாவதாரக் கொள்கை. ஆழ்வார்கள் எல்லோரும் கண்ணனிடத்தில் இத்தனை ஈடுபடுவானேன் என்று நஞ்சீயர் ஒருமுறை பட்டரைக் கேட்டாராம். மற்ற அவதாரங்களைவிட அது காலத்தால் அருகில் இருந்தது, சற்று முன்னே பிறந்திருந்தால் கண்டிருக்கலாமே என்ற தாபம்தான் காரணம் என்கிற கருத்தில் பட்டர் பதில் சொன்னதைத் திருவாய்மொழி உரையான ஈடு பதிவு செய்திருக்கிறது. எனக்கு இது மிகப் பெரிய திறனாய்வுக் கூற்று. கவிதையின் ஊற்று தெய்வத்தின் மேன்மையில் மட்டும் இல்லை, கைக்கெட்டாமல் போன நெருக்கத்தில் இருக்கிறது என்று ஒருவர் கண்டுசொல்லியிருக்கிறார். இதை மனத்தில் வைத்துத் திருவெள்ளறைப் பதிகத்தைப் படித்தால், அந்தத் தாயின் குரலில் இருக்கும் அவசரம் வேறுவிதமாகக் கேட்கிறது. இங்கே கொள்கை கவிதையைத் திறக்கிறது.

இந்த மரபின் முதல் பலம், கவிதையை ஒருவர் ஒரு சூழலில் ஒரு மனநிலையில் பேசும் பேச்சாகக் கேட்பது. ஒவ்வொரு பதிகத்துக்கும், ஒவ்வொரு பாசுரத்துக்கும் அவதாரிகை உண்டு. இதற்கு முந்தைய பாட்டில் ஆழ்வார் எந்த நிலையில் இருந்தார், அதிலிருந்து இந்தப் பாட்டுக்கு எப்படி வந்தார், இப்போது பேசுவது தாயா மகளா தோழியா என்று அது தொடங்கும். திருவாய்மொழியின் 1102 பாசுரங்களையும் ஒரே நீண்ட மனப்பயணமாக அவர்கள் படித்துக் காட்டியதை நினைத்தால் பிரமிப்பாக இருக்கிறது. நம்பிள்ளை சொல்ல வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிய ஈடு ‘முப்பத்தாறாயிரப்படி’. ஒரு படிக்கு 32 எழுத்து என்று கணக்கிட்டால் பதினொன்றரை லட்சம் எழுத்துக்கு மேல்.

இரண்டாவது, கருத்து வேறுபாட்டை மறைக்காதது. இராமாநுஜர் திருமாலையாண்டானிடம் திருவாய்மொழி கேட்டுவந்தபோது நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி இதற்குச் சாட்சி. இரண்டாம் பத்தில் ஒரு பாசுரத்தை ஆண்டான் முறையீடாக விளக்கினார்: அன்பைக் கொடுத்துவிட்டு மறுபடி இந்த உடம்போடு ஏன் பிணைத்து வைத்தாய் என்று ஆழ்வார் நோவதாக. இராமாநுஜர் ஒப்பவில்லை. முன்னும் பின்னும் உள்ள பாசுரங்கள் எல்லாம் மகிழ்ச்சியில் பொங்கும்போது நடுவில் ஒன்று மட்டும் எப்படி அழும்? ஒன்றும் அறியாத காலத்திலேயே அன்பை ஊட்டினாயே என்று நன்றி சொல்வதாகச் சொற்களைக் கூட்டிக்காட்டினார். தம் ஆசிரியர் ஆளவந்தாரிடம் கேட்டிராத பொருளைச் சொல்வதா என்று ஆண்டான் பாடத்தையே நிறுத்திவிட்டார். திருக்கோஷ்டியூர் நம்பி வந்து சமாதானம் செய்துவைக்க வேண்டியிருந்தது. ஒரு பாட்டின் பொருளை அதன் பதிகத்தின் தொனிதான் தீர்மானிக்கும் என்று இராமாநுஜர் வைத்த வாதம் தூய இலக்கிய வாதம். இரண்டு பொருளையும் ஈடு வைத்துக்கொண்டது.

நஞ்சீயர் தம் திருவாய்மொழி உரையான ஒன்பதினாயிரப்படியைப் படியெடுக்க நம்பூர் வரதராஜரிடம் கொடுத்ததும், அந்தச் சுவடி காவிரி வெள்ளத்தில் போனதும், வரதராஜர் நினைவிலிருந்தே எழுதித் தமக்குத் தோன்றிய நயங்களையும் ஆங்காங்கே சேர்த்துக் கொடுத்ததும் ஸ்ரீரங்கத்தில் எல்லோரும் அறிந்த கதை. சேர்த்ததைப் படித்த ஆசிரியர் கோபிக்கவில்லை, அணைத்துக்கொண்டு ‘நம்பிள்ளை’ என்று பெயர் சூட்டினார். மாணவனின் கூடுதல் வாசிப்பை இப்படிக் கொண்டாடிய மரபு அதே கையோடு கதவையும் சாத்தியது. பகலில் கேட்டதை இரவில் எழுதிவைத்த வடக்குத் திருவீதிப் பிள்ளையின் சுவடியை, அனுமதி இல்லாமல் எழுதியது என்று நம்பிள்ளை வாங்கிக்கொண்டார். பிறகு அது ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் கொடுக்கப்பட்டு, ஒருவர் ஒருவருக்கே சொல்லும் ஓராண் வழியாகப் பல தலைமுறை போய், மாமுனிகள் காலத்தில்தான் ஸ்ரீரங்கத்துச் சந்நிதி முன்னே ஓராண்டு முழுவதும் பேரவையில் ஒலித்தது. தமிழின் மிக விரிவான கவிதை வாசிப்பு ஒரு நூற்றாண்டுக்கு மேல் சிலர் கையில் மட்டும் இருந்தது என்பதை எந்தப் பக்தியாலும் நியாயப்படுத்த எனக்கு வரவில்லை. சுவடி ஒன்றே என்றால் கரையான் ஒன்றே போதும். பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை எழுதியதில் பெரும்பகுதி அழிந்துபோனது. மேலே சொன்ன திருவெள்ளறைப் பதிகத்துக்கு இன்று நம்மிடம் இருப்பது, அழிந்த பகுதியை நிரப்ப மாமுனிகள் எழுதிய உரை.

பலமும் பலவீனமும் ஒரே வேரில் முளைத்தவை என்று நினைக்கிறேன். அந்த வேரைக் காட்டுவது திருவெள்ளறையில் பிறந்த இன்னொருவர் கதை. எங்களாழ்வான் என்ற விஷ்ணுசித்தர் விஷ்ணு புராணத்துக்கு உரை எழுதியவர். திருவாய்மொழிக்கு முதல் வியாக்கியானமான ஆறாயிரப்படியை எழுதிய திருக்குருகைப்பிரான் பிள்ளானிடம் கற்றவர் என்று குருபரம்பரை சொல்கிறது. காஞ்சியிலிருந்து பாடம் கேட்க வந்த நடாதூர் அம்மாள் கதவைத் தட்டினார். யார் என்ற கேள்விக்கு ‘நான்’ என்று பதில் சொன்னார். ‘நான்’ செத்த பிறகு வரலாம் என்று உள்ளிருந்து குரல் வந்தது. ‘அடியேன்’ என்று சொல்லக் கற்றுக்கொண்ட பிறகே கதவு திறந்தது.

அகந்தையை விட்டுவிட்டு நூலின் முன்னே உட்கார்ந்தவர்களுக்கே அந்த நுட்பமான செவி வாய்க்கும். என் கருத்து, என் ரசனை என்று முந்திக்கொள்கிறவன் ‘இந்தச் சொல் ஏன்?’ என்று அறுநூறு பக்கம் பொறுமையாகக் கேட்கமாட்டான். ஆனால் ‘அடியேன்’ ஒருநாளும் ‘இந்தப் பாட்டு சரியாக அமையவில்லை’ என்று சொல்லமாட்டான். நாலாயிரம் பாசுரங்களுக்கு இத்தனை உரை இருந்தும், இது அதைவிட மெலிந்தது, இங்கே ஆழ்வார் பழைய வாய்பாட்டையே திருப்பிச் சொல்கிறார் என்ற தீர்ப்புக்கு அங்கே இடமே கிடையாது. திரும்ப வரும் சொல்லுக்கு ஒரு நோக்கம் கற்பிக்கப்படும். தளர்வான அடிக்கு ஒரு தத்துவம் கண்டுபிடிக்கப்படும். எல்லாமே உச்சம் என்றால் உச்சம் எது என்று தெரியாமல் போகிறது.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது ஸ்வாபதேசம் என்ற உள்ளுறைப் பொருள். ஆழ்வார் தலைவியாகிப் பாடும் பாசுரங்களில் தூதுபோகும் பறவை ஆசாரியன் ஆகிறது; முலை பக்தி, இடை வைராக்கியம் என்று பட்டியல் போடப்படுகிறது. அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரின் ஆசார்ய ஹ்ருதயம் இதை ஒழுங்குபட அடுக்கித் தருகிறது. அறிவின் நிலையில் ஆழ்வார் தாமாகவும் அன்பின் நிலையில் பெண்ணாகவும் பேசுகிறார் என்ற அருமையான உளவியல் கண்டறிதலும் அதே நூலில்தான் இருக்கிறது. அந்தக் கண்டறிதல் போதுமே! உடம்பின் வேதனையைக் கொள்கைச் சொற்களுக்கு மாற்றிவைத்த பிறகு அந்தப் பெண்ணின் வேதனை எங்கே மிஞ்சும்? மடல், வெறியாட்டு, தோழி கூற்று என்ற அகத்துறைகளை இவர்கள் நன்றாக அறிந்திருந்தும், மேற்கோளுக்குப் பெரும்பாலும் ராமாயணத்துக்கும் விஷ்ணு புராணத்துக்குமே போனார்கள். ஆழ்வார்களுக்குப் பின்னே நின்ற சங்கக் கவிதை அவர்களுடைய வாசிப்பில் மங்கலாகவே தெரிகிறது. யாப்பையும் ஓசையையும் பற்றிய பேச்சு அதைவிட அரிது.

வெளியிலிருந்து ஒரு ஒப்பீடு உதவும். 1511 வாக்கில் வங்கத்துச் சைதன்யர் ஸ்ரீரங்கம் வந்து, மழைக்காலம் நான்கு மாதமும் வேங்கட பட்டர் வீட்டில் தங்கியதாகக் கிருஷ்ணதாச கவிராஜரின் சைதன்ய சரிதாம்ருதம் கூறுகிறது. அந்த வீட்டுப் பிள்ளை கோபால பட்டர் பின்னாளில் பிருந்தாவனத்தின் ஆறு கோஸ்வாமிகளில் ஒருவரானார். அவர்களில் முதன்மையானவர் ரூப கோஸ்வாமி. வங்க சுல்தானின் அவையில் பணி செய்தவர், நாடகமும் தூதுகாவியமும் எழுதிய கவிஞர், அத்தோடு திறனாய்வாளர். 1541-இல் முடித்த பக்திரஸாம்ருதசிந்துவில் பக்தியையே ஒரு ரஸமாக்கி, அதன் வகைகளையும் நிலைகளையும் வகுத்தார். வங்கம் பக்திக் கவிதைக்கு ஒரு கோட்பாட்டைக் கட்டியது. ஸ்ரீரங்கம் கோட்பாடு கட்டாமல் பாசுரம் பாசுரமாக வாசித்தது. ரூபரின் வகைப்பாட்டைக் கொண்டு எந்த மொழிக் கவிதையையும் அணுகலாம். ஈட்டின் முறையை அதன் பாசுரத்திலிருந்து பிரித்து எடுத்துப்போக முடியாது. தமிழில் அதற்குப் பின் வந்தவர்கள் அதிலிருந்து திறனாய்வு முறை ஒன்றை வளர்த்தெடுக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். மணிப்பிரவாள நடை இன்னொரு காரணம். பு.ரா. புருஷோத்தம நாயுடு ஈட்டை நல்ல தமிழில் பெயர்த்து, சென்னைப் பல்கலைக்கழகம் 1950-களில் வெளியிடத் தொடங்கிய பிறகுதான் பொது வாசகர் அருகில் வர முடிந்தது. அதையும் எத்தனை தமிழ்த் துறைகள் திறனாய்வு வகுப்பில் வைத்தன?

வ.வே.சு. ஐயர் எதிர்த்திசையில் போனார். பெல்லாரிச் சிறையில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய கம்பராமாயண ஆய்வு, 1925-இல் அவர் மறைந்து கால் நூற்றாண்டு கழித்து 1950-இல்தான் நூலானது. அதில் ‘நான்’ நிமிர்ந்து நிற்கிறது: இந்தக் காட்சியில் கம்பன் வால்மீகியை விஞ்சுகிறான் என்று நெஞ்சுயர்த்திச் சொல்கிறது. அந்தத் தைரியத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனாலும் ஒப்பிட்டு உயர்த்தும் வேகத்தில், ஒரு செய்யுளுக்குள் ஒரு சொல்லின் மேல் தங்கி நிற்கும் பொறுமை ஐயரிடம் சில இடங்களில் குறைகிறது. ஸ்ரீரங்கத்தார் அந்த இடத்தில் இன்னும் ஒரு நாழிகை உட்கார்ந்திருப்பார்கள்.

இருவரிடமும் கற்றுக்கொண்டு திருவெள்ளறையின் இரண்டு பதிகங்களையும் அருகருகே வைத்து, வியாக்கியானக்காரர்கள் சொல்லாததைச் சொல்கிறேன். திருமங்கையாழ்வாரின் பதிகத்தில் ஒவ்வொரு பாசுரமும் முன்பாதியில் ஒரு அவதாரச் செயலைப் பேசுகிறது: பரசுராமன், நரசிங்கம், வராகம், வாமனன் என்று. பின்பாதியில் ஊரின் சோலையும் தென்றலும் மல்லிகையும் வருகின்றன. இரண்டுக்கும் நடுவில் அருள்புரியச் சொல்லும் வேண்டுதல். சந்தம் அற்புதமானது, வாய்விட்டுச் சொல்கிறவர்களுக்கு அது ஒன்றே போதும். ஆனால் அந்தச் சோலையையும் தென்றலையும் அவருடைய வேறு பல பதிகங்களில் வேறு ஊர்ப் பெயரோடு சந்திக்கிறோம். ஊர்ப் பெயரை மாற்றினாலும் பதிகம் குலையாது. பெரியாழ்வாரின் பதிகத்தில் அந்தி இருட்டும், கதறும் பசுக்களும், மணல் விழுந்த கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நிற்கும் பிள்ளைகளும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. ஓர் அடியை உருவினால் தாயின் குரல் அறுந்துபோகும். வெள்ளறைக்குக் கிடைத்த இரண்டில் பெரியாழ்வாருடையதே மேலான கவிதை.