பந்திங் வட்டார வரலாறு எழுதப்படும் முறை

ஊர் வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் கட்டடத்திலிருந்தே தொடங்குகின்றனர். கோலலங்காட் மாவட்டத்துப் பந்திங்கைப் பற்றி எழுதுவோர்க்கு இது மிக எளிது. அண்மையிலேயே ஜுக்ரா இருக்கிறது. 1898இல் மறைந்த சுல்தான் அப்துல் சமாட் அடக்கம் செய்யப்பெற்றது ஜுக்ராக் குன்றில்தான். அவருடைய பேரர் சுல்தான் அலாவுதீன் சுலைமான் ஷாவுக்கென இஸ்தானா பண்டார் என்னும் அரண்மனை 1905இல் எழுந்தது. இவற்றைக் கூறுவது முறையே.

குறை அதன்பின் வருகிறது. அரண்மனை வாயிலிலிருந்து ஒரே தாவலாக மோரிப் கடற்கரைக்கு வந்து, 1945 செப்டம்பர் 9ஆம் நாள் பிரிட்டிஷ் இந்தியப் படை கரையிறங்கியதைச் சொல்கின்றனர். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகள், ‘தமிழர் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்தனர்’ என்ற ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடுகின்றன. அவ்வாக்கியத்துள் கங்காணியும் இல்லை, கிராணியும் இல்லை, கள்ளுக்கடையும் இல்லை. உழைத்தவர் என்ன கேட்டனர் என்பது சிறிதும் இல்லை.

அவர்கள் கேட்டதோ பதிவாகியிருக்கிறது. 1941இல் பக்கத்து மாவட்டமாகிய கிள்ளானில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களைத் திரட்டியவர்களுள் முதன்மையானவர் ‘தமிழ் நேசன்’ துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன். கூலி உயர்வு ஒரு கோரிக்கை. துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது மற்றொன்று. கள்ளுக்கடைகளை மூடவும், பிள்ளைகளுக்குத் தக்க கல்வி தரவும் கேட்டனர். மே 6ஆம் நாள் நாதன் கைதானதும் வேலைநிறுத்தம் சிலாங்கூரில் மேலும் பரவியது. படை வரவழைக்கப்பட்டது; துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். சைக்கிளைப் பற்றிய அந்த ஒரு கோரிக்கை, அக்காலத் தோட்ட வாழ்வைக் காட்டுவதில் பத்துப் பக்கப் புள்ளிவிவரத்துக்கு மேலானது. வட்டார வரலாற்றில் அதற்கு ஒரு பத்தியேனும் வேண்டாவா?

பிறரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. நம்மவர் வெளியிடும் குடமுழுக்கு மலர்களிலும் பள்ளி ஆண்டு மலர்களிலும் வாழ்த்துரைகள் இருபது பக்கம், ஊர் வரலாறு அரைப்பக்கம். (வாழ்த்துரை வழங்கியவர் பலர் அவ்வூரைக் கண்டிருப்பாரோ என்பதும் ஐயமே.) அவ்வரைப்பக்கமும் ‘காட்டைத் திருத்தி நாடாக்கினோம்’ என்றே தொடங்கும். உழைப்பு மெய், ஆனால் அங்கே ஆளில்லாக் காடு இருந்ததென்பது மெய்யன்று. கேரித் தீவு மா மெரி பழங்குடியினரின் வாழ்விடம். ஒரு வாக்கியத்தில் தம்மை அடக்கியதற்கு வருந்தும் தமிழர், தம் ஏட்டில் அவர்களுக்கு அந்த ஒரு வாக்கியமும் தருவதில்லை. பெயராராய்ச்சியிலும் எச்சரிக்கை தேவை. ஒலி ஒற்றுமை ஒன்றையே பற்றிப் ‘பந்தி’யிலிருந்து ‘பந்திங்’ பிறந்தது என்று எவரேனும் எழுதினால், அது ஆராய்ச்சியாகாது.

இவ்வகையில் அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ நாவலுக்குத் தனி மதிப்புண்டு. 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில், படையினருக்கும் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் இடையே அகப்பட்ட எளிய மக்களின் அச்சத்தை அது பேசுகிறது. நாவலை ஆண்டுக் கணக்குக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. எனினும் மலர்கள் சொல்லாது விட்டதை மாணவன் அதிலிருந்து உணர முடிகிறது.

இனி எழுதுவோர்க்கு மூலங்கள் இல்லாமற் போகவில்லை. 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேச’னின் பழைய இதழ்கள் ஒன்று, தோட்ட இடுகாட்டுக் கல்வெட்டுகள் மற்றொன்று. தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டமாகும்போது முதலில் அழிவது இக்கற்களே. ஆகவே இவற்றைப் படியெடுப்பதை ஒத்திப்போடுதல் கூடாது. தமிழ்ப் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளோ இன்னும் எவர் கண்ணிலும் படவில்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டப் பள்ளிகளைக் கட்டாயமாக்கியது. பிள்ளையின் பெயருக்கு நேரே தந்தையின் தொழிலும் எழுதப்பட்ட ஏடுகளை ஆண்டு வரிசையில் புரட்டினாலே போதும். பால்வெட்டு மறைந்து செம்பனை வந்ததும், செம்பனையைவிட்டு மக்கள் ஆலைக்குப் போனதும் குடும்பம் குடும்பமாகத் தெரியவரும்.