‘படிக்கிறாள்’ என்ற சொல் தீர்ந்த பிறகு

நம் வீடுகளில் பெண்ணைச் சில ஆண்டுகளுக்குக் காப்பாற்றி வைக்கும் சொல் ஒன்று உண்டு: ‘படிக்கிறாள்’. வரன் கொண்டு வருபவர்களிடமும் கல்யாண வீடுகளில் விசாரிக்கும் உறவினர்களிடமும் அம்மாக்கள் இதைத்தான் சொல்கிறார்கள். என் கவிதைத் தொகுப்புக்கு அட்டைப்படம் வரைந்து தந்த மாணவி ஒருத்தி, ஓவியத்தில் முதுகலை முடிக்கும் தறுவாயில் என்னிடம் கேட்டாள்: “மேடம், ஏப்ரலுக்கு அப்புறம் வீட்ல என்ன சொல்றது?”

‘படம் வரைகிறாள்’ என்பது அங்கே பதிலாகாது. கல்யாணத்துக்குப் பிறகும் வரைந்துகொள்ளலாமே என்பார்கள்.

அவள் கேள்வியோடு இரண்டு கலைஞர்களிடம் திரும்பிப் போனேன். இருவரும் பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்தவர்கள்.

மிருணாளினி முகர்ஜி (1949–2015) அங்கே ஓவியம் முடித்து, 1970 முதல் 1972 வரை கே.ஜி. சுப்ரமணியனிடம் சுவரோவியத்தில் மேற்படிப்புப் படித்தார். சுப்ரமணியன் கைத்தறி வாரியத்தில் பணியாற்றியவர். கலை உயர்ந்தது, கைவினை தாழ்ந்தது என்ற படிநிலையை ஏற்காதவர். அந்த ஆண்டுகளில் நாரும் கயிறும் மிருணாளினியின் கைக்கு வந்தன. பிறகு பல ஆண்டுகள் அவர் அவற்றை விடவில்லை. ‘யட்சி’ (1984) போன்ற சிற்பங்களைச் சாயமேற்றிய சணல் கயிற்றால், தறியில்லாமல், முன்வரைவும் இல்லாமல், முடிச்சு முடிச்சாகக் கையால் கட்டி எழுப்பினார். மடிந்தும் குழிந்தும் தொங்கும் அந்த உருவங்களில் பூவிதழும் பெண்ணுறுப்பும் தெய்வ உருவமும் ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கின்றன. அவற்றின் முன் நிற்பவர் தன் உடலையும் உணராமல் இருக்க முடியாது.

இதைக் கைவினை என்று ஒதுக்கிய பார்வையும் இருந்தது. உளி பிடித்தால் சிற்பம், முடிச்சுப் போட்டால் பின்னல் வேலை என்ற பாகுபாட்டில் பால் பேதம் ஒளிந்திருக்கிறது. 1994இல் ஆக்ஸ்போர்டின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக்காட்சி வைத்தது. டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தின் பின்னோக்குக் காட்சி 2015 ஜனவரியில் திறந்தது. சில நாட்களில் அவர் இறந்துபோனார். படிப்பு முடிந்து அதற்குள் நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஓடியிருந்தன. அத்தனை ஆண்டுகளையும் ஒரு சான்றிதழால் தாங்க முடியாது. கயிற்றிலும், பின்னாளில் சுடுமண்ணிலும் வெண்கலத்திலும் தொடர்ந்த அன்றாட உழைப்புதான் தாங்கியது.

நீலிமா ஷேக்கின் வழி வேறு. டெல்லியில் வரலாறு படித்துவிட்டு பரோடா வந்த அவர், 1971இல் முதுகலை முடித்தார். பயிற்சி பெற்றது மேற்கத்திய எண்ணெய் வண்ண ஓவியத்தில். சிற்றோவிய மரபின் நுட்பங்களைப் பிற்பாடு தாமாகவே கற்றார். ‘சம்பா வளர்ந்தபோது’ (1984–85) பன்னிரண்டு சிறிய ஓவியங்களின் வரிசை. அவருக்குத் தெரிந்த ஓர் இளம்பெண் வரதட்சணைக்காகக் கொல்லப்பட்டதை அது சொல்கிறது. அரசவைகளையும் வேட்டைகளையும் கண்ணனின் காதலையும் தீட்டிய மரபு, இங்கே நடுத்தர வீட்டுக்குள் நுழைந்து ஒரு மருமகள் எரிக்கப்படுவதைப் பார்க்கிறது. வண்ணங்களின் மென்மை நம்மை அருகில் இழுத்துவிடுகிறது; பிறகு கண்ணை எடுக்க முடிவதில்லை. வகுப்பறை தராததைத் தேடிப் போகும் துணிவையும் படிப்பின் பயன்களில் ஒன்றாகவே எண்ணுகிறேன்.

ஆனால் இந்த இருவரையும் காட்டி ‘படித்தால் கலைஞராகலாம்’ என்று மாணவிகளிடம் சொல்வது நேர்மையல்ல. மிருணாளினியின் தந்தை பினோத் பிஹாரி முகர்ஜி ஓவியர். தாய் லீலா முகர்ஜி சிற்பி. நீலிமாவின் கணவர் குலாம் முகம்மது ஷேக் ஓவியர், பரோடாவில் ஆசிரியராகவும் இருந்தவர். இந்த வீடுகளில் கலை ஒரு வேலை என்பதை யாருக்கும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. நம் கலை விமர்சனம் திறமையைப் பற்றியும் குரு மரபைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுகிறது. அறை வாடகையை யார் கொடுத்தார்கள், குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்பதில்லை. முதல் தலைமுறையாகத் தூரிகை எடுக்கும் பெண்ணுக்கு இந்தக் கேள்விகளே முதன்மையானவை.

என் மாணவியிடம் சொன்னேன்: கல்லூரியின் அச்சு எந்திரமும் சூளையும் ஏப்ரலோடு உனக்குப் பூட்டப்பட்டுவிடும். அவை இல்லாமலும் செய்யக்கூடிய ஒரு பொருளை இப்போதே கைக்குப் பழக்கிக்கொள். உன் படத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லும் இரண்டு தோழிகளை விட்டுவிடாதே. வாரத்தில் சில நாள் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தாவது வண்ணத்துக்கும் வாடகைக்கும் வழி செய்துகொள். வீட்டில் கேட்டால், ‘வேலை செய்கிறேன்’ என்று சொல்.

சொன்னாளாம். அம்மாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஆனால் மொட்டைமாடி அறையில் இருந்த பழைய சாமான்களை ஒதுக்கிவிட்டு, சாவியை அவளிடம் கொடுத்திருக்கிறார்.