கைப்பைக்கென்று ஒரு துப்பாக்கி

2014 ஜனவரியில் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று வெளியிட்ட ரிவால்வர் 'நிர்பீக்'. .32 காலிபர், ஆறு குண்டுகள், எடை அரைக் கிலோ, விலை 1,22,360 ரூபாய். கைப்பைக்குள் அடங்கும் என்றார்கள். நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். 2012 டிசம்பரில் தில்லியில் சிதைக்கப்பட்டவளின் பெயரை அச்சிடச் சட்டம் தடுத்ததால் நாளேடுகள் அவளை 'நிர்பயா' என்றன. நிர்பீக் என்றாலும் அச்சமற்றது என்றே பொருள். அவள் பெயரை மறைத்தோம், பட்டப்பெயரைச் சரக்காக்கினோம். தமிழ் இலக்கியம் படித்த எனக்கு முதலில் உறுத்தியது இதுதான்.

சரி, ஏன் .32? துப்பாக்கியின் எடை குறைந்தால் சுடும்போது கையை உதைக்கும் வேகம் கூடும்; .32 மென்மையான குண்டு, லேசான ரிவால்வருக்குப் பொருந்தும். ஆனால் நம் மணிக்கட்டை எண்ணி யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. 9 மி.மீ. போன்ற படைக்குண்டுகளை ஏற்கும் துப்பாக்கிகள் குடிமக்களுக்குத் தடை. அதே அரசுத் தொழிற்சாலைகள் ஆண்களுக்கு ஏற்கெனவே விற்றுவந்ததும் .32 ரிவால்வர்தான். பெண்ணுக்கெனச் சேர்ந்தவை எடைக்குறைப்பும் பெட்டியும் மட்டுமே.

காலிபரைவிட எனக்கு அந்தக் கைப்பைதான் முக்கியம். அது தெருவில் வரும் அந்நியனைக் கற்பனை செய்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2013 கணக்கிலோ, பாலியல் வல்லுறவு வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அவளுக்குத் தெரிந்தவர். சமையலறையில் நிற்பவள் தோளில் கைப்பை தொங்குமா? உரிமம் பெற்று வாங்கியதை வீட்டில் எங்கே வைப்பாள்? பீரோ சாவி பல வீடுகளில் அவனிடம் இருக்கிறது.