ஜன்னல் பக்கத்து முகம்

பாலு மகேந்திரா என்றதும் ‘மூன்றாம் பிறை’யின் ஊட்டிப் பனியில் போய் நின்றுகொள்கிற ரசனையோடு எனக்கு ஒத்துவருவதில்லை. 1982இல் வந்து, ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது வாங்கிய படம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஊட்டியில் பனி யார் போனாலும் கிடைக்கும். மனிதரின் கைவரிசை தெரிய வேண்டுமானால் ‘வீடு’ (1988) பார்க்க வேண்டும். செங்கல், மணல், சிமென்ட், காசுக்கு அலைகிற முகங்கள். கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஒன்றும் கிடையாது, பாட்டும் கிடையாது. அதில் கிழவராக வரும் சொக்கலிங்க பாகவதர் குடையோடு தனியாகப் போய், பாதியில் நிற்கிற வீட்டைப் பார்க்கும் கட்டம். பூசாத சுவரைத் தடவுகிறார், அறை அறையாக நுழைகிறார். வசனமில்லை, இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசை மட்டும். கதவு மாட்டாத வாசலும் ஜன்னல் வைக்காத திறப்புமாக இருக்கிற கட்டடம், வெளிச்சம் தன்பாட்டுக்கு வந்து போகிறது. குடிபோகாத வீட்டில் கிழவர் வாழ்வது அந்தச் சில நிமிடங்கள்தான். அதைச் சொல்ல பாலு மகேந்திரா ஒரு விளக்கைக்கூடக் கூடுதலாகக் காட்டிக்கொள்ளவில்லை.

காசில்லாததால் வந்த எளிமையைப் பாணி என்று தூக்கிப் பிடிக்கலாமா என்று கேட்பார்கள். இருக்கிற வெளிச்சத்தில் படம் பிடிப்பது மலிவு என்பதே பாதி உண்மை. அந்தக் காலத்துப் பிலிமுக்கு இன்றைய கேமராவின் ஒளியுணர்திறன் கிடையாது. விளக்கில்லை என்றால் நடிகரை ஜன்னல் பக்கம் கொண்டுவர வேண்டும், முகத்தின் மறுபாதி இருட்டில் போவதற்குச் சம்மதிக்க வேண்டும், பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டும். எங்கே உட்காருவது, எந்தப் பக்கம் திரும்புவது என்பதை வெளிச்சமே தீர்மானிக்கிறது. அவர் படங்களின் அந்த அடங்கிய மனநிலை அங்கிருந்து வருகிறது. கேமராவும் கத்தரியும் அவர் கையிலேயே இருந்ததால் நடுவில் யாரும் ‘இன்னும் கொஞ்சம் பளிச்சென்று’ என்று கேட்கவில்லை. ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமின் அன்பர்கள் ‘அக்னி நட்சத்திர’த்தைக் காட்டி வாதாடுவார்கள். அழகுதான், ஆனால் அங்கே ஆள் வருமுன் ஒளி வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவருடைய ‘நாயகன்’ வேறு கணக்கு, அதில் இருட்டுக்குக் காரணம் உண்டு.

இன்றைக்குத் திரையில் காவிரி டெல்டா என்றால் ஒரே நிறம்தான். மேலே டிரோன், கீழே கண்கூசும் பச்சை, சாயங்காலத்துக்கு மஞ்சள் பூச்சு. காரைக்காலின் வரிச்சிக்குடிப் பக்கம் வயலுக்கும் கடலுக்கும் நடுவில், கார்த்திகை மழை விட்ட காலையில் இருக்கிற வெளிச்சம் ஈயப் பாத்திரத்தின் சாம்பல் நிறம். நிழலுக்கு விளிம்பே இராது. அங்கே படமெடுக்க வருகிறவர்கள் அதை வேண்டாத வெளிச்சம் என்று கணினியில் கழுவிவிடுகிறார்கள். எந்த மாதம், எத்தனை மணி என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாமல் போனது அதன் பிறகுதான். இதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் வேறொன்று. பாலு மகேந்திராவின் ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ இரண்டின் நெகட்டிவ்களும் இல்லாமல் போய்விட்டன. 2014இல் மறையுமுன் அவரே அதைச் சொல்லி வருந்தியிருக்கிறார். இப்போது சுற்றுகிற வெளிறிய பிரதிகளில் இருட்டெல்லாம் கட்டியான கறுப்பு. பாகவதரின் கை சுவரில் படுவது தெரிகிறது, சுவரின் சொரசொரப்பு தெரியவில்லை. இதைப் பார்த்துவிட்டு ‘டாக்குமெண்டரி மாதிரி இருக்கிறது’ என்று சொல்கிற இளைஞரிடம் கோபப்படவும் முடியவில்லை.