ரெயில் சரி, ஸ்க்ரூ சரியில்லை

படுத்துச் சுடும் பயிற்சிக்காக .22 போல்ட் ரைஃபிளில் பைபாட் மாட்ட வேண்டியிருந்தது. பீச் மர ஸ்டாக். அடியில் ஸ்லிங் கோக்கும் குமிழைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது. ஆறு பள்ளம் உள்ள அலுமினிய பிக்காட்டினி ரெயில் ஒன்றை வாங்கிப் பொருத்திப் பார்த்தேன்.

ரெயிலில் குறையே இல்லை. விளிம்புகள் கையைக் கிழிக்காதபடி மழுக்கப்பட்டிருக்கின்றன. பைபாட் ஆட்டமில்லாமல் உட்காருகிறது. பிக்காட்டினி, 1995-இல் அமெரிக்க ராணுவம் வகுத்த அளவு. பள்ளத்தின் அகலம் 5.23 மி.மீ., ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 10.01 மி.மீ. அதற்கு முந்தைய வீவர் ரெயிலில் பள்ளம் இன்னும் குறுகல். அதனால் வீவருக்கான சாமான் பிக்காட்டினியில் பெரும்பாலும் ஏறிவிடும். பிக்காட்டினிக்கானது வீவரில் ஏறாமல் போகலாம்.

சிக்கலெல்லாம் கூட வரும் குட்டை மர ஸ்க்ரூக்களில்தான். பைபாடை முன்னால் அழுத்திச் சுடும்போது விசை முழுவதையும் அவைதான் தாங்க வேண்டும். பீச் கெட்டி மரம்தான், ஆனாலும் நாளடைவில் துளை தளர்ந்துவிடும். அவற்றை ஒதுக்கிவிட்டு மெஷின் ஸ்க்ரூ போடுங்கள். ரெயில் பக்கத்திலிருந்து ஸ்க்ரூ, ஸ்டாக்கின் உள்ளே குழல் படுக்கும் வாய்க்காலில் பல் வைத்த டி-நட். இறுக்க இறுக்க நட் மரத்துக்குள் இழுபட்டுக் கடித்துக்கொள்ளும்.

முதலில் குண்டு எதுவும் இல்லை என்று பார்த்து, போல்ட்டை உருவி, ஸ்டாக்கைத் தனியே கழற்றிவிடுங்கள். அடிப்பாகத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் நடுக்கோடு போடுங்கள். கோடு கொஞ்சம் விலகினாலும் பைபாட் கோணலாக நிற்கும். மெல்லிய துளை போட்டுப் பார்த்த பிறகே பெரிதாக்க வேண்டும். நட்டின் தலையும் ஸ்க்ரூவின் நுனியும் வாய்க்கால் மட்டத்துக்குக் கீழே அடங்கியிருக்க வேண்டும்.

ஸ்டாக்கின் அடி உருண்டை, ரெயிலின் அடி தட்டை. அப்படியே முடுக்கினால் ரெயில் இரண்டு பக்கமும் ஊசலாடும். ரெயிலுக்கு மெழுகு தடவி, இடையில் எபாக்ஸியை மெல்லிசாகப் பரப்பி, லேசாக முடுக்கி இரவு முழுக்க விட்டேன். காலையில் கழற்றினால் ரெயிலுக்கென்றே அளவெடுத்த தட்டையான இருக்கை. மொத்த வேலையிலும் மிகுந்த பலன் தந்தது இதுதான்.

முடிந்ததும், குழலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள்துண்டை நுழைத்து இழுத்துப் பார்க்கவும். பைபாடின் மேல் எடையைச் சாய்த்த நிலையிலும் தாள் தடையில்லாமல் ஓட வேண்டும். மரம் குழலைத் தொட்டால், அழுத்தம் மாறும்போதெல்லாம் குண்டு விழும் இடமும் மாறும். மெல்லிய முன்கட்டை கொண்ட ஸ்டாக்குகளில் இது அடிக்கடி நேரும்; ரெயிலைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைத்தால் வளைவு குறையும்.

துளை போட மனம் வராதவர்களுக்கு ஸ்லிங் குமிழிலேயே கவ்வும் ரெயிலும் கிடைக்கிறது. ஒற்றைப் புள்ளியில் பிடிப்பதால் அது திரும்பிக்கொள்ளும். எப்போதாவது பைபாட் வைப்பவருக்கு அது போதும். வாரந்தோறும் ரேஞ்சுக்குப் போகிறவர் துளையே போட்டுவிடலாம். மரம் அமுங்கும் என்பதால் முதல் சில பயிற்சிகளுக்குப் பிறகு ஸ்க்ரூவை மறுபடி ஒருமுறை முடுக்கிவிடுங்கள்.