கொஞ்சம் பசளையுள்ள கடல்

இலங்கையில் கடற்கரையே இல்லாத மாத்தளை மாவட்டத்தில் முருகைக்கல் தொட்டி வைப்பவர் கடலை முழுக்கத் தன் கையால் செய்கிறார். எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) இயந்திரத்தில் வடித்த நீர், அதில் கரைத்த உப்பு, மேலே நீல வெளிச்சம். (சிறுநீரக நோய் பரவிய வில்கமுவப் பக்கத்தில் அந்த இயந்திரம் குடிநீருக்கென்றே வந்துவிட்டது.) இதுவரை எல்லாம் காசால் முடிகிற காரியம். மீனுக்கு முதல் பிடி தீன் போட்ட பிறகே கலை தொடங்குகிறது. தீனும் கழிவும் அழுகி அமோனியாவாகி, பற்றீரியாவால் நைத்திரேற்றாகின்றன. தீனிலிருந்த பொசுபரசு பொசுபேற்றாய் மிஞ்சுகிறது. இரண்டும் பசளைகள்தாம். இரண்டையும் பூச்சியமாக்குவதே கெட்டித்தனம் என்று பலர் எண்ணுகிறார்கள். மிகக் கொஞ்சமாக, ஆனால் ஒருநாளும் இல்லாமற் போகாதபடி வைத்திருப்பவரின் கைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கூடினால் கெடுதி என்பதில் வழக்கில்லை. பொசுபேற்று மிகுந்தால் முருகையின் சுண்ணாம்புக் கூடு வளர்வது தடைப்படும். நைத்திரேற்று மிகுந்தால் முருகையின் உடலுக்குள் வாழும் நுண் அல்கா பெருகி, ஊதாவும் பச்சையும் மண்ணிறத்துக்குள் மறையும். ஆனால் முருகைக்குச் சோறு போடுவதும் அதே அல்காதான். 2013 இல் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் யோர்க் வீடன்மான் குழுவினர், நைத்திரேற்று நிறைந்து பொசுபேற்று வற்றிய நீரில் முருகைகள் வெப்பத்துக்கும் ஒளிக்கும் எளிதில் வெளிறுவதைக் காட்டினர். ஒன்றை மட்டும் துடைத்தெடுப்பதும் ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பல தொட்டிக்காரர்கள் லீற்றருக்கு 5 முதல் 10 மில்லிகிராம் நைத்திரேற்றையும் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் பொசுபேற்றையும் நாடுவது இதனால்தான். திறந்த கடலில் இவை ஏறக்குறைய இல்லையே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. கடல்நீர் வறியதுதான், ஆனால் அலை ஓயாமல் மிதவை உயிர்களைக் கொண்டுவந்து முருகையின் வாயில் சேர்க்கிறது. தொட்டிக்கு அந்த வரத்து இல்லை. இருப்பைக் கடலோடு ஒப்பிட்டுவிட்டு வரத்தை மறந்தால் கணக்குப் பிழைத்துவிடும்.

இதே கணக்கை மாத்தளை மண் பெரிய அளவில் கண்டிருக்கிறது. தம்புள்ளை, கலேவெலப் பக்கத்து மரக்கறித் தோட்டங்கள் பசளையை நம்பி வளர்ந்தவை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாக நிறுத்தப்பட்டது, விளைச்சல் விழுந்தது, நவம்பரில் தடை தளர்ந்தது. கூடுதல் பசளை கெடுதி என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஒரே இரவில் பூச்சியத்துக்குப் போனதுதான் வினை. இரும்பு ஒட்சைட்டுக் குருணையை அள்ளிப் போட்டு ஒரே நாளில் பொசுபேற்றை உறிஞ்சிவிடும் அவசரக்காரரின் தொட்டியிலும் முருகை இப்படித்தான் சுருங்குகிறது. இதே வறண்ட நிலத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்குக் குளங்களை அமைத்தவர்களுக்கோ அவசரம் இருக்கவில்லை. குளத்துக்கு மேலே பெரஹன என்னும் புல்தரை வண்டலைப் பிடித்தது; கட்டுக்குக் கீழே கட்டகடுவ என்னும் மரச்செறிவு வயலுக்குப் போகும் உப்பைத் தடுத்தது. 2017 இல் உலக உணவு விவசாய அமைப்பு இம்முறையை விவசாய மரபுரிமையாக ஏற்றது. குளம் அமைத்தவர்கள் நினைத்தது வண்டலையும் உப்பையும், பொசுபேற்றை அல்ல என்று மறுக்கலாம். இருக்கட்டும். பொசுபேற்று பெரும்பாலும் மண் துகளில் ஒட்டிக்கொண்டே வருவதால், வண்டலை நிறுத்திய புல் அதையும் நிறுத்தியது. நைத்திரேற்று நீரில் கரைந்து நழுவும். அதை மடக்க வேரும், ஒட்சிசன் எட்டாத சேறும் வேண்டும். அந்த வேலையும் அங்கே பேர் தெரியாமலே நடந்தது. மேட்டில் பசளை அளவு மீறிக் கொட்டினால் எந்தப் புல்லும் தாங்காது என்பதும் உண்மை. மீனை அடைத்து வைத்த தொட்டியை எந்த வடிகட்டியும் காப்பாற்றாததுபோல.

நல்ல தொட்டியின் அடியறையிலும் ஒரு பெரஹன இருக்கிறது: இரவில் விளக்கேற்றி வளர்க்கும் பச்சைக் கடற்பாசி. அது பசளையைத் தின்று பெருகும். வாரம் ஒரு பிடி பறித்தெறிந்தால் பசளையும் வெளியேறும். துளிக்கணக்கில் வொட்கா ஊற்றிப் பசளையைத் தின்னும் பற்றீரியாவை வளர்ப்பவர்களும் உண்டு. வேலை செய்யும், ஆனால் கை நடுங்கினால் தொட்டி போயிற்று. எனக்குப் பாசிதான் பிடிக்கும். அதன் வேகம் கண்ணுக்குத் தெரியும். தேர்ந்தவர் சோதனைக் குப்பியை எடுக்குமுன் கண்ணாடியைப் பார்க்கிறார். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை துடைக்கும் அளவுக்கு மெல்லிய பச்சை படிந்தால் அவருக்குத் திருப்தி. ஒரு வாரமாகியும் கண்ணாடி பளிங்காய் இருந்தால் தீனைக் கொஞ்சம் கூட்டுவார்.